கம்பைலர் ஏற்கிறது, எடிட்டர் மறுக்கிறது: மேக்ரோவும் பொய்ச் சிவப்புக் கோடுகளும்

தருமபுரியில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் மைக்ரோகன்ட்ரோலர் நிரல் எழுதப் பழக என்னிடம் வருகிறார்கள். பாதிப் பேர் பாலிடெக்னிக் மாணவர்கள். மீதிப் பேர் ஓசூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊர் திரும்புபவர்கள். எல்லோர் மனத்திலும் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருக்குப் பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்க வேண்டும். இன்னொருவருக்குக் காரிமங்கலத்து மாந்தோப்பில் சொட்டுநீர் வால்வைத் தானாகத் திறந்து மூட வேண்டும். ஆறேழு வாரம் போனதும் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "அண்ணா, நிரல் பலகைக்குள் ஏறுகிறது, ரிலே வேலை செய்கிறது. ஆனால் எடிட்டரில் சிவப்புக் கோடு போகவே மாட்டேன் என்கிறது. எதைத் தவறாக எழுதினேன்?"

பெரும்பாலும் எதையும் தவறாக எழுதியிருக்க மாட்டார்கள். எடிட்டருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என்பதைச் சி, சி++ மொழிகளையும் விஎஸ் கோட் எடிட்டரையும் வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இருவர் படிக்கும் இரண்டு பிரதிகள்

கே.ஆர்.பி. அணை என்றால் நம் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. மைசூர்க்காரரிடம் "கே.ஆர்." என்று தொடங்கினாலே அவர் கே.ஆர்.எஸ். அணைக்குப் போய்விடுவார். வெகு தொலைவிலிருந்து வந்தவருக்கோ அவை வெறும் மூன்று எழுத்துகள். மேக்ரோவும் இப்படி ஒரு சுருக்கப் பெயர். அதன் விரிவு தெரிந்தவருக்கு வாக்கியம் சரியாக இருக்கும். தெரியாதவருக்கு இலக்கணமே உடைந்ததுபோல் தோன்றும்.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்துக்கொண்டிருந்த 1972–73 காலத்திலேயே, கம்பைலருக்கு முன்னால் நிரலைத் தயார்செய்யும் ப்ரீபிராசசர் வந்துவிட்டது. முதலில் அதற்குத் தெரிந்தவை இரண்டே வேலைகள்: இன்னொரு கோப்பை இழுத்துச் சேர்ப்பது, ஒரு பெயரை எடுத்துவிட்டு அங்கே வேறு எழுத்துகளை வைப்பது. அளவுரு ஏற்கும் மேக்ரோக்களும் நிபந்தனைகளும் பின்னால் சேர்ந்தவை. அன்றும் இன்றும் அதற்குச் சி மொழியின் இலக்கணம் தெரியாது. வெட்டி ஒட்டும் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். அப்படி வெட்டி ஒட்டிய பிரதியைத்தான், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் படிக்கிறது.

எடிட்டரும் இதையே செய்யப் பார்க்கிறது. விஎஸ் கோட்டில் மைக்ரோசாஃப்டின் சி/சி++ நீட்சியோ கிளாங்டி நீட்சியோ பின்னணியில் ஓடி, நீங்கள் தட்டத் தட்ட நிரலைப் படித்துக்கொண்டிருக்கும். ஆனால் கம்பைல் கட்டளைகளை எழுதிவைத்திருக்கும் உங்கள் மேக்ஃபைலை அது ஓட்டிப் பார்ப்பதில்லை. எந்தச் சிப், எந்தக் கோப்புறையில் ஹெடர்கள் (நிரல் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகள்), கட்டளை வரியில் எந்த மேக்ரோக்கள் என்பதெல்லாம் கம்பைலருக்கு உங்கள் பில்ட் முறை வழியாகப் போய்ச் சேருகின்றன. எடிட்டருக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் அது தனக்குத் தெரிந்ததை வைத்து வேறொரு பிரதியைப் படித்துவிட்டுக் கோடு போடுகிறது.

முதல் படி: டெர்மினலில் கம்பைல் செய்யுங்கள்

எந்தச் சிவப்புக் கோட்டையும் தொடுவதற்கு முன் பழைய பில்ட் கோப்புகளை அழித்துவிட்டு, முழு நிரலையும் டெர்மினலில் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். பிழை வந்தால் அது உண்மைப் பிழை. இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதைத் திருத்துங்கள். பிழை இல்லையென்றால் எச்சரிக்கைகளையும் படியுங்கள். எச்சரிக்கை வரிகளைப் படிக்காமல் விட்டு நான் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: பேசுவது யார் என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிராப்ளம்ஸ் பலகம் திறக்கும். ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் அதைச் சொன்னது யார் என்று சிறிதாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் நீட்சி, கிளாங்டி இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே வரிக்கு இரண்டு விதமான குறைகள் வரும். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிளாங்டி வேண்டுமென்றால் மற்றதில் நிரலைப் படித்துக் கோடு போடும் இன்டெலிசென்ஸ் எஞ்சினை அமைப்புகளில் டிசேபிள்டு என்று மாற்றிவிடலாம். நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினியில் கிளாங்டியின் பின்னணி அட்டவணையிடல் இயந்திரத்தைத் திணறடிக்கும். அதை மட்டும் நிறுத்திவைக்கவும் வழி உண்டு.

அடுத்து, கோப்பில் மேலிருந்து முதலில் வரும் செய்தியை மட்டும் பாருங்கள். நாற்பது பிழை இருந்தால் முப்பத்தொன்பது அதன் பிள்ளைகளாக இருக்கும். ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்று முதல் பத்து வரிக்குள் ஒரு செய்தி இருந்தால், கீழே உள்ள எதையும் நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: கோட்டின் முகத்தை அடையாளம் காணுங்கள்

புதியவர்களை மிகவும் குழப்புவது "அரைப்புள்ளி எதிர்பார்க்கப்படுகிறது" என்ற செய்தி. அரைப்புள்ளி கண்ணெதிரே இருக்கும். உதாரணத்திற்கு, ஏவிஆர் என்ற மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்துச் சிப்பில் ஓர் எழுத்துச் சரத்தை ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்க அதன் பெயருக்குப் பின்னால் பிராக்மெம் என்று எழுதுகிறோம். அது ஒரு மேக்ரோ. பிஜிஎம்ஸ்பேஸ் ஹெடரில் கம்பைலருக்கான ஒரு பண்புக்குறியாக விரிகிறது. அந்த ஹெடர் எடிட்டருக்குக் கிடைக்காவிட்டால், மாறியின் பெயருக்குப் பின் சம்பந்தமில்லாத இன்னொரு பெயர் வந்து நிற்பதாக அது நினைக்கும். முதல் பெயரோடு வாக்கியம் முடிந்திருக்க வேண்டும் என்று எண்ணி அரைப்புள்ளி கேட்கும். இங்கே அரைப்புள்ளியைச் சேர்த்து "சரிசெய்த" மாணவர் ஒருவர் கம்பைல் ஆகிக்கொண்டிருந்த நிரலையும் கெடுத்துக்கொண்டார்.

இன்னொன்று, "இந்த அறிவிப்பில் தரவு வகை இல்லை" என்ற பொருளில் வருவது. இன்டரப்ட், அதாவது ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் பகுதி, எழுதும்போது ஐஎஸ்ஆர் என்று போட்டு, எது இடைமறிக்கிறது என்பதைக் குறிக்கும் வெக்டர் பெயரை அடைப்புக்குறிக்குள் கொடுக்கிறோம். இதுவும் மேக்ரோதான், விரித்தால் முறையான ஒரு ஃபங்ஷன் கிடைக்கும். விரிக்கத் தெரியாத எடிட்டருக்குத் திருப்பித் தரும் வகையே சொல்லாத ஓர் அரைகுறை ஃபங்ஷன்தான் தெரியும்.

மூன்றாவது, "இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை". கட்டளை வரியில் கழித்தல் குறியும் பெரிய டி எழுத்தும் சேர்த்துக் கொடுக்கும் மேக்ரோக்களுக்கு இது வரும். எந்த நிரல் கோப்பில் தேடினாலும் அவற்றின் வரையறை கிடைக்காது. ஏனென்றால் அவை பிறக்கும் இடம் மேக்ஃபைல்.

மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தெரியும் பகுதியைப் பிழை என்று நினைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது பிழை இல்லை. ஒரு மேக்ரோ வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் இஃப்டெஃப் நிபந்தனை பொய்யென்று எடிட்டர் முடிவு செய்து அந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கம்பைல் செய்யும் பகுதியே மங்கிக் கிடந்தால், அங்கே உள்ள நிஜப் பிழைகளையும் எடிட்டர் காட்டாது. சிவப்புக் கோட்டைவிட இது ஆபத்தானது என்பது என் எண்ணம். சத்தம் போடாத தவறு யார் கண்ணிலும் படாது.

நான்காம் படி: மேக்ரோ எப்படி விரிகிறது என்று கண்ணால் பாருங்கள்

மேக்ரோவின் பெயர்மேல் சுட்டியை வைத்தால் அது எதுவாக விரிகிறது என்று இரண்டு நீட்சிகளும் காட்டும். எஃப்12 விசை வரையறை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும். இரண்டும் நடக்கவில்லையென்றால் எடிட்டருக்கு அந்தப் பெயரே தெரியாது என்று உறுதி செய்துகொள்ளலாம்.

கம்பைலருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேறு வழி இருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலரின் கட்டளையோடு கழித்தல் குறியும் பெரிய ஈ எழுத்தும் சேர்த்தால், ப்ரீபிராசசர் முடித்துக் கொடுத்த பிரதியை அப்படியே கொட்டும். கூடவே கழித்தல் குறி, சின்ன டி, பெரிய எம் சேர்த்தால் அந்தப் பிரதிக்குப் பதிலாக, வரையறுக்கப்பட்ட எல்லா மேக்ரோக்களின் பட்டியல் வரும். வெறும் கோப்பைக் கொடுத்தாலே சில நூறு வரிகள் ஓடும். நீங்கள் எழுதாத இத்தனை பெயர்களைக் கம்பைலர் தானாகவே வைத்திருக்கிறது என்பது முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். ஏவிஆர்-ஜிசிசியில் சிப்பின் பெயராக ஏடிமெகா328பி என்று கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு பட்டியல் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேறுபாட்டில்தான் பாதிச் சிவப்புக் கோடுகளின் காரணம் இருக்கும்.

ஐந்தாம் படி: எடிட்டருக்கும் சொல்லுங்கள்

இதற்கு மூன்று வழிகள். கீழே போகப் போகச் சிறந்தது.

சிறிய பயிற்சிக்கு முதல் வழி போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, சி/சி++ எடிட் கான்ஃபிகரேஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு படிவம் திறக்கும். கம்பைலர் பாத் என்ற இடத்தில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் கம்பைலரின் முழு முகவரியைக் கொடுங்கள். கணினியில் உள்ள சாதாரண ஜிசிசி இங்கே உதவாது. ஏவிஆருக்கு ஏவிஆர்-ஜிசிசிதான் வேண்டும். இதைக் கொடுத்ததுமே நீட்சி அந்தக் கம்பைலரிடமே கேட்டு ஹெடர் கோப்புறைகளையும் உள்ளார்ந்த மேக்ரோக்களையும் தெரிந்துகொள்ளும். கம்பைலர் ஆர்க்ஸ் என்ற இடத்தில் சிப்பின் பெயரைச் சொல்லும் ஃபிளாக்கையும் (கம்பைலர் கட்டளையோடு சேர்க்கும் குறி), டிஃபைன்ஸ் என்ற இடத்தில் மேக்ஃபைலில் கொடுத்த மேக்ரோக்களையும் எழுதுங்கள். பலரும் கம்பைலர் பாத்தைத் தொடாமல் டிஃபைன்ஸ் பட்டியலை மட்டும் நிரப்பிக்கொண்டே போகிறார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை அது.

கிளாங்டிக்காரர்கள் கோப்புறையின் மேல்மட்டத்தில் கம்பைல் ஃபிளாக்ஸ் என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு வைத்து, வரிக்கு ஒரு ஃபிளாக் எழுதினால் போதும். இது இரண்டாம் வழி.

மூன்றாம் வழி, கம்பைல் கமாண்ட்ஸ் என்ற ஜேசன் கோப்பு. ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால், எந்தக் கோப்புறையிலிருந்து கம்பைல் ஆனது என்று பில்ட் முறையே அதில் எழுதிவைக்கிறது. நீங்கள் கையால் எதையும் எழுத வேண்டாம். மேக்ஃபைல் போன்ற பில்ட் கோப்புகளை உருவாக்கித் தரும் சிமேக் கருவியைப் பயன்படுத்தினால் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற மாறியை ஆன் செய்தால் போதும். ஆனால் அது மேக்ஃபைலையோ நிஞ்ஜா என்ற பில்ட் கருவிக்கான கோப்பையோ உருவாக்கும்போதுதான் இது வேலை செய்யும். மைக்ரோகன்ட்ரோலர் நிரல்களுக்கான பிளாட்ஃபார்ம்ஐஓ கருவி வைத்திருப்பவர்களுக்குக் கம்பைல்டிபி என்று ஓர் இலக்கே உண்டு. வெறும் மேக்ஃபைல் என்றால் லினக்ஸில் பேர் என்ற கருவி இருக்கிறது, ஆங்கிலத்தில் கரடி. மேக் கட்டளைக்கு முன்னால் அதை வைத்து ஓட்டினால், ஓடும் ஒவ்வொரு கம்பைலர் கட்டளையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும். இங்கேதான் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள்: ஏற்கெனவே பில்ட் ஆகியிருந்தால் மேக் எதையும் ஓட்டாது, கரடிக்கும் கேட்க ஒன்றுமிருக்காது, வெற்றுப் பட்டியல் வரும். முதலில் கிளீன், பிறகு பில்ட்.

கிளாங்டி இந்தக் கோப்பை நிரல் இருக்கும் கோப்புறையிலும் அதற்கு மேலேயும், பில்ட் என்ற துணைக் கோப்புறையிலும் தானே தேடிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் நீட்சிக்கு அதே படிவத்தில் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற இடத்தில் முகவரி கொடுக்க வேண்டும். மாற்றம் உடனே தெரியாவிட்டால் கிளாங்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்றதற்கு ரீசெட் இன்டெலிசென்ஸ் டேட்டாபேஸ் என்ற கட்டளை உண்டு.

முப்பது வினாடி இரண்டாகச் சுருங்கிய கதை

முதல் வழியை விட்டு மூன்றாம் வழிக்கு நான் மாறியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மும்முனை மின்சாரம் போய்த் திரும்பியதும் முப்பது வினாடி காத்திருந்து, பிறகு மோட்டாரை இயக்கும் சிறு கருவி ஒன்றை உறவினர் தோட்டத்துக்காகச் செய்தேன். ஏவிஆர் சிப் கொண்ட அர்டுயினோ ஊனோ பலகை, 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், சொந்த மேக்ஃபைல். காலத்தாமதத்துக்கான டிலே ஹெடர், சிப் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை எஃப் சிபியு என்ற மேக்ரோவிலிருந்து தெரிந்துகொள்ளும். எடிட்டர் அந்த மேக்ரோ இல்லை என்று கோடு போட்டது. நான் டிஃபைன்ஸ் பட்டியலில் 16000000 என்று எழுதினேன். கோடு போய்விட்டது. எனக்கும் நிம்மதி.

சில நாள் கழித்து மேக்ஃபைலைத் திருத்தும்போது எஃப் சிபியு இருந்த வரியைத் தவறுதலாக நீக்கிவிட்டேன். எடிட்டரில் ஒரு கோடும் இல்லை. அதற்குத்தான் தனியாகச் சொல்லிவிட்டேனே. கம்பைலர் சொன்னது: எஃப் சிபியு வரையறுக்கப்படவில்லை என்று ஒரு வரி. அது எச்சரிக்கை மட்டுமே என்பதால் பில்ட் நிற்கவில்லை. மேக்ரோ இல்லாதபோது அந்த ஹெடர் தானாகவே 1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளும். சிப் ஓடுவதோ அதைப்போல் 16 மடங்கு வேகத்தில். முப்பது வினாடி காத்திருக்க வேண்டிய ரிலே இரண்டு வினாடிக்குள் அடித்துவிட்டது. மின்சாரம் விட்டு விட்டு வந்த ஒரு சாயங்காலம் ரிலே படபடவென்று தட்டிக்கொண்டே இருக்க, தோட்டத்திலிருந்து பெரியப்பா தொலைபேசியில் கேட்டார்: "என்னப்பா, பல்லி மாதிரி சத்தம் போடுகிறதே?" மோட்டார் எரியாமல் போனது அதிர்ஷ்டம்.

எடிட்டருக்கு ஒரு பட்டியல், கம்பைலருக்கு ஒரு பட்டியல் என்று இரண்டைக் கையால் பராமரித்தால் ஒருநாள் அவை பிரிந்துவிடும். கம்பைல் கமாண்ட்ஸ் கோப்பில் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. மேக்ஃபைலில் வரி போனால், அடுத்த பில்டுக்குப் பிறகு எடிட்டரிலும் கோடு விழும்; அப்போது அது உண்மைக் கோடு.

பொய்போல் தோன்றும் மெய்

டெர்மினலிலும் பிழை வருகிறது, ஆனால் சுட்டும் வரியில் ஒரு குறையும் தெரியவில்லை என்றால், மேக்ரோவின் வரையறையைப் பாருங்கள். மோட்டார் பின் என்ற பெயருக்கு 7 என்று வரையறுத்துவிட்டு, பழக்கத்தில் கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைத்திருப்பீர்கள். வெட்டி ஒட்டும்போது அரைப்புள்ளியும் சேர்ந்து ஒட்டும். நூறு வரிக்குக் கீழே, பின்னை இயக்கும் டிஜிட்டல்ரைட் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் 7க்குப் பின் அரைப்புள்ளி போய் உட்கார்ந்துகொள்ளும். எடிட்டர் அந்தக் கீழ் வரியில் கோடு போடும். வரையறை வரி அப்பாவிபோல் நிற்கும்.

இரண்டு மூன்று கட்டளைகளைக் கொண்ட மேக்ரோவை இஃப்–எல்ஸ் நடுவில் வைக்கும்போது எல்ஸ் மட்டும் தனித்து நிற்கிறது என்று பிழை வரும். அதற்குத்தான் அனுபவசாலிகள் மேக்ரோவின் உடலை டூ–வைல் சுழற்சிக்குள் வைத்து நிபந்தனையாகப் பூஜ்யத்தைப் போடுகிறார்கள். ஒருமுறை மட்டும் ஓடும் சுழற்சி. பார்ப்பதற்கு வேடிக்கை, ஆனால் இலக்கணப்படி ஒரே வாக்கியமாகிவிடுகிறது. பல வரி மேக்ரோவில் கடைசி வரியைத் தவிர ஒவ்வொரு வரியின் முடிவிலும் பின்சாய்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று விடுபட்டால் மேக்ரோ அங்கேயே முடிந்துவிடும்.

எதுவும் சரிப்படாத இடங்கள்

அர்டுயினோவின் ஐஎன்ஓ கோப்பு முழுமையான சி++ கோப்பு இல்லை. அர்டுயினோ ஹெடரைச் சேர்ப்பதும் ஃபங்ஷன்களுக்கு முன்னறிவிப்பு எழுதுவதும் கம்பைல் செய்யும் நேரத்தில் தானாக நடக்கின்றன. பொது எடிட்டருக்கு இது தெரியாது. நிரல் இருநூறு வரியைத் தாண்டினால் பெரும்பகுதியைச் சிபிபி கோப்புக்கு மாற்றி, ஹெடரையும் முன்னறிவிப்புகளையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் வகையை வைத்துச் செய்யும் ஆய்வகப் பயிற்சியில் வேறு தொல்லை. எஸ்டிசிசி போன்ற கம்பைலர்கள் சி மொழியில் இல்லாத சொற்களைக் கூடுதலாக ஏற்கின்றன. இன்டரப்ட் என்ற சொல் இரண்டு அடிக்கோடுகளோடு, அடைப்புக்குறிக்குள் எண்ணோடு ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் வரும். கம்பைலரின் மேக்ரோ பட்டியலை முழுதாகக் கொடுத்தாலும் எடிட்டருக்கு அது புரியாது. இங்கே ஒரு தந்திரம் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் நீட்சி நிரலைப் படிக்கும்போது மட்டும் இன்டெலிசென்ஸ் என்ற மேக்ரோ, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு, வரையறுக்கப்பட்டிருக்கும். அது இருந்தால் மட்டும் அந்த இன்டரப்ட் சொல்லை வெறுமையாக விரியும் மேக்ரோவாக வரையறுத்துவிடுங்கள். கம்பைலர் அந்தப் பகுதியைப் பார்க்கவே பார்க்காது. இதைத் தனி ஹெடரில் வைத்து, நான்கைந்து வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சி, சி++ தவிர்த்த மொழிகளிலும் இதே தொல்லை உண்டு: ரஸ்ட் மொழியில் ப்ராக் மேக்ரோ (நிரலாகவே எழுதப்படும் மேக்ரோ வகை) விரியவில்லை என்று செய்தி வந்தால், எடிட்டருக்காக நிரலைப் படிக்கும் ரஸ்ட்-அனலைசரின் அமைப்புகளில் ப்ராக் மேக்ரோவும் பில்ட் ஸ்கிரிப்டும் இயங்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். குளோஜர் மொழியில் பிழை சொல்லும் சிஎல்ஜே-கோண்டோ கருவியிடம் "இந்த மேக்ரோவை, ஃபங்ஷன் வரையறுக்கும் டெஃப்ன்போல் நடத்து" என்று சொல்ல லின்ட்-ஆஸ் என்ற அமைப்பு உண்டு.

மைக்ரோசாஃப்ட் நீட்சியில் எரர் ஸ்குவிகில்ஸ் என்ற அமைப்பை டிசேபிள்டு என்று மாற்றினால் அது போடும் எல்லாக் கோடுகளும் ஒரே நொடியில் மறையும். புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பிறகு எழுதும் நிஜத் தவறும் மறைந்துவிடும். ஒரே ஒரு வகைச் செய்திதான் தொல்லை என்றால், கிளாங்டியில் அந்த வகையின் பெயரைச் சொல்லி அதை மட்டும் அடக்கலாம்.

நண்பரின் கணினியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருடைய கம்பைல் கமாண்ட்ஸ் கோப்பைப் பென்டிரைவில் வாங்கி வராதீர்கள். அதில் உள்ளவை பெரும்பாலும் அவர் கணினியின் முழு முகவரிகள். உங்கள் கணினியில் அந்தக் கோப்புறைகள் இருக்காது. நாற்பது கோடு இருந்த இடத்தில் நானூறு வரும். மேக்ஃபைலை மட்டும் வாங்கிவந்து, கிளீன் செய்து, கரடியை உங்கள் வீட்டிலேயே ஓட்டுங்கள்.